மலர்புரத்துக்குப் பால் காய்ச்சினோம்

எங்கள் வீட்டில் இராச்சாப்பாடு இனிமேல் ஏழு மணிக்கே நடைபெறும் என்று ஒரு மாலையில் நான் உறுதி பூண்டேன். உறுதி பூணும்போது மணி எட்டரை. என் முன்னால் இருந்தது பாண்; கடையில் பிரெட் என்று விற்பது. அதற்குத் துணை நேற்றைய பருப்பு. பருப்பு நேற்றையது என்பதில் எனக்கு ஆட்சேபமில்லை. அதைச் சூடாக்க ஆளில்லை என்பதில்தான் ஆட்சேபம்.

நான் ஓய்வுபெற்ற ஆசிரியன். லண்டன் ஹரோவில் எல்லோருக்கும் நான் மாஸ்ரர். மணி அடித்தால் வகுப்பு, மணி அடித்தால் வீடு என்று வாழ்ந்தவன். சொல்லிலும் பிழை வரக்கூடாது, சோறும் பிந்தக்கூடாது என்பவை என் இரு கொள்கைகள். முதலாவதை லண்டனில் யாரும் காப்பாற்றப்போவதில்லை. இரண்டாவதைக் காப்பாற்ற ஒரு மனைவி இருந்தார். இருந்தார் என்று நான் இறந்தகாலத்தில் எழுதுவதைக் கண்டு பதற வேண்டாம். அவர் மலர்புரத்துக்குப் போய்விட்டார், அவ்வளவுதான். மலர்புரம் எங்கள் முன்னறைச் சோபாவில் இருந்தபடியே போகக்கூடிய ஊர்.

என் மனைவி வசந்தமலருக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை நடந்தது. அசையாமல் இருக்க வேண்டும் என்றார்கள். அம்மாவுக்குப் பொழுதுபோகட்டும் என்று எங்கள் மகள் தாரிணி ஒரு கணினி விளையாட்டைக் காட்டிக்கொடுத்தாள். சதுரக் கட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஓர் உலகத்தையே எழுப்பும் விளையாட்டு. முழங்கால் ஆறிவிட்டது. மலர் எழும்பவில்லை. முதலில் ஓர் ஆட்டுப்பட்டி வந்தது. பிறகு வாய்க்கால், கோபுரம், சந்தை. கிழக்கு லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் இருக்கும் அவரது சிநேகிதி பியற்றிஸ் உள்ளே புகுந்து ஒரு மாதா கோயிலைக் கட்டி, அதிலிருந்து மலரின் கோபுரத்தடி வரை ரயில்பாதையும் போட்டார். வேலைநிறுத்தமே நடவாத பாதை. பக்கத்து வீட்டுக் கனகவல்லி தமிழ்நாட்டுக்காரர் ஆதலால் காப்பிக்கடை திறந்தார். மாலையானால் மூவரும் அங்கே. நான் இங்கே.

"மலர், மணி ஏழு."

"ஓம், தெரியும்."

"தெரிஞ்சால் போதுமோ? பசிக்குது."

"இஞ்சாருங்கோ, இந்த ஆடுகளை அடைச்சுப்போட்டு வாறன்."

"அது கட்டியாலை செய்த ஆடு. அடைக்காட்டி என்ன நடக்கும்?"

"நீங்கள் மணி அடிக்க முன்னம் வகுப்பை விட்டனீங்களோ?"

"அவங்கள் பிள்ளையள்."

"இதுகள் அவங்களைவிடச் சொல்வழி கேக்குங்கள். பாண் இருக்கு, எடுத்துச் சாப்பிடுங்கோ."

இதுதான் நிலைமை. ஆட்டுக்கு நேரத்துக்குத் தீனி. மாஸ்ரருக்குப் பாண்.

சிந்தித்தேன். இந்த மலர்புரம் எங்கே இருக்கிறது? எவனோ ஒருவனுடைய சேவையகத்தில், உலகம் சர்வர் என்று சொல்லும் கணினியில், இருக்கிறது. தாரிணி அதை வாடகைக்கு எடுத்துக் கொடுத்திருந்தாள். வாடகை என்ற சொல் மனதில் எழுந்ததும் எனக்குள் வெளிச்சம் பரவியது. லண்டனுக்கு வந்த யாழ்ப்பாணத்தவனுக்குப் பிடிக்காத சொல் ஒன்று உண்டென்றால் அது வாடகை. மலர்புரத்தை எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டால், அது சொந்த இடம் ஆகும். அதன் சாவி என் கையில் இருக்கும். ஏழு மணிக்குச் சற்று முன்னதாக உலகத்தையே அணைத்துவிடலாம். உலகம் இல்லாத பெண்மணி வேறு எங்கே போவார்? குசினிக்குத்தான், அடுப்பைப் பற்றவைக்க.

கனகவல்லியின் கணவர் கோபாலகிருஷ்ணன் கணினிப் பொறியியலாளர். வேலிக்கு மேலால் அவரை அழைத்தேன்.

"தாராளமா வீட்லயே வைக்கலாம் சார். பழைய லேப்டாப் ஏதாவது இருக்கா?"

"இருக்கு. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு வாங்கினது."

"போதும். ஒரு கண்டெய்னர்ல போட்டு ஓட விட்டுருவோம்."

"கொள்கலன் எண்டு சொல்லுங்கோ."

"சரி சார், கொள்கலன். விளையாட்டு ஓடுறதுக்கு என்னென்ன வேணுமோ எல்லாத்தையும் ஒரே பெட்டியில அடைச்ச மாதிரி. நிறுத்தலாம், திரும்ப ஓட விடலாம். பழசாயிடுச்சுன்னா பெட்டியவே தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வெச்சுக்கலாம்."

"மிக நேர்த்தி."

"ஆனா ஒண்ணு சார். அக்கா கட்டி சேவ் பண்ணி வெச்சிருக்காங்கல்ல அந்த ஊரு, அதைப் பெட்டிக்குள்ள வைக்காதீங்க. வெளியில தனியா ஒரு ஃபோல்டர்ல வெச்சுட்டு, பெட்டிக்கு வழி மட்டும் காட்டணும். அதுக்கு ஒரே ஒரு வரிதான். வால்யூம்னு பேரு. அதை மட்டும் விட்டுடாதீங்க."

இந்த இடத்தில் எனக்கும் நவீன தொழில்நுட்பத்துக்கும் கருத்து வேறுபாடு உண்டாயிற்று. பெட்டி என்று ஒன்று இருக்கும்போது, பெட்டிக்குரிய பொருளை வெளியே வைப்பதா? நானும் பிள்ளைகளை வகுப்புக்கு வெளியே நிறுத்தியிருக்கிறேன். தண்டனையாக மட்டும். குற்றம் செய்யாத மலர்புரத்தை ஏன் வெளியே நிறுத்த வேண்டும்? அந்த வரியை எழுதுவதில்லை என்று அங்கேயே முடிவு செய்தேன். கோபாலகிருஷ்ணனிடம் தலையை மட்டும் ஆட்டினேன்.

அன்று மாலை மலரை அணுகினேன்.

"மலர், உம்மடை மலர்புரம் வாடகை இடத்திலைதானே இருக்கு?"

"ஓம். அதுக்கென்ன?"

"இடத்துக்காரன் ஒருநாள் எழும்பு எண்டால்? கோபுரம் எங்கை போகும்? ஆடுகள் எங்கை போகும்?"

"எங்கை போகும்?"

"அதுதான், நான் எங்கடை வீட்டிலையே ஒரு இடம் செய்து தாறன். படிக்குக் கீழை அலுமாரிக்குள்ளை. சொந்த இடம்."

"உங்களுக்கு என்னத்துக்கு இந்தக் கரைச்சல்?"

"உமக்காகத்தான்."

மலர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். திரும்பவும் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். எங்கள் திருமண வாழ்க்கையில் நான் அந்தச் சொல்லை அதிகம் செலவழித்ததில்லை.

"சரி. ஆனால் நல்ல நேரம் பாத்துத்தான் செய்யவேணும். பாலும் காய்ச்சவேணும்."

"கணினிக்கோ?"

"புது வீட்டுக் குடிபூரல் எண்டால் குடிபூரல்தான். இத்தினை சனம், ஆடு மாடு எல்லாம் வருது. சும்மா கூட்டிக்கொண்டு வாறதோ?"

"சரி, காய்ச்சும். அப்ப வாடகைக்காரனுக்கு நிப்பாட்டச் சொல்லி நான் எழுதிவிடட்டோ?"

"அது என்ர பேரிலை கிடக்கு. நான் பாத்துக்கொள்ளுறன்."

இவ்வளவு இலகுவாக மலர் எதற்கும் சம்மதித்ததில்லை. என் பேச்சுவன்மைக்குக் கிடைத்த வெற்றி என்று எடுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சுபவேளையில் சாப்பாட்டு மேசைமேல் மடிக்கணினி வைக்கப்பட்டது. அதற்குப் பொட்டு வைக்கப்பட்டது. பக்கத்தில் சிறிய எரிவாயு அடுப்பும் அதன்மேல் பால் சட்டியும். பியற்றிஸ் ரயிலேறி வந்திருந்தார். கோபாலகிருஷ்ணன் வாடகை இடத்திலிருந்து மலர்புரத்தைப் பிரதியெடுத்து மடிக்கணினிக்குள் இறக்கித் தந்தார்.

"பால் கிழக்குப் பக்கமா வழியணும் அக்கா. அதான் விசேஷம்," என்றார் கனகவல்லி.

"கிழக்கு எந்தப் பக்கம்?"

பியற்றிஸ் தொலைபேசியில் திசைகாட்டியைத் திறந்தார். "மடிக்கணினி இருக்கிற பக்கம்."

"அப்ப சட்டியைச் சரிச்சு வைப்பம்," என்றார் மலர்.

"கணினியைத் தள்ளி வைப்போம் எண்டு ஒருவருக்கும் தோன்றவில்லையோ?" என்று கேட்டேன்.

"மாஸ்ரர், நல்ல காரியத்திலை குறுக்கை கதைக்காதேங்கோ," என்றார் பியற்றிஸ்.

பால் பொங்கியது. நான் மடிக்கணினியை மார்போடு அணைத்துக்கொண்டு பின்வாங்கினேன். பால் கிழக்கே பாய்ந்து மேசை விரிப்பை நனைத்தது. சாம்பிராணிப் புகைக்குக் கூரையிலிருந்த எச்சரிக்கைக் கருவி அலறத் தொடங்கியது. மேளம் இல்லாத குறையும் தீர்ந்தது.

"பெட்டியை நானே ஓட விட்டுத் தரட்டுமா சார்?" என்றார் கோபாலகிருஷ்ணன்.

"வேண்டாம். என் வீட்டுக் கதவை நானே திறப்பேன்."

படிக்குக் கீழே உட்கார்ந்து, அவர் எழுதித் தந்த கட்டளைகளில் அந்த ஒரு வரியை மட்டும் விலக்கி, மலர்புரம் முழுவதையும் கொள்கலனுக்குள்ளேயே வைத்து அடைத்தேன். வெளியே கிடந்த பிரதியை நேர்த்திக்காக அழித்தும் விட்டேன். கொள்கலன் ஓடியது. முன்னறையில் மூவரும் உள்ளே புகுந்து பார்த்தார்கள். கோபுரம் இருந்தது. ரயில் இருந்தது. ஆடுகள் மேய்ந்தன. எல்லோரும் ஆளுக்கொரு குவளை பால் குடித்தோம். எனக்குச் சீனி சற்றுக் குறைவு. வெற்றியின் சுவையில் அது தெரியவில்லை.

மறுநாள் மாலை, குறித்த நேரத்தில், கொள்கலனை நிறுத்தும் கட்டளையைத் தட்டினேன். முன்னறையில் ஒரு பெருமூச்சு எழுந்தது.

"இஞ்சாருங்கோ, எல்லாம் நிண்டுபோச்சு."

"பராமரிப்பு வேலை. சேவையகம் எண்டால் பராமரிப்பு இருக்கத்தானே வேணும்."

"எவ்வளவு நேரம் எடுக்கும்?"

"சாப்பிட்டு முடிக்கச் சரியாய் இருக்கும்."

மலர் குசினிக்குப் போனார். ஏழு மணிக்கு என் முன்னால் பிட்டு வந்தது. ஆவி பறக்கும் பிட்டு. கத்தரிக்காய்க் குழம்பு. மாசிக் கருவாட்டுச் சம்பல். அடுத்த நாள் இடியப்பமும் தேங்காய்ப்பால் சொதியும். அதற்கடுத்த நாள் தோசை. உலகத்தைப் படைத்தவன்கூட அதை அணைக்கத் தெரியாமல் தவிக்கும்போது, நான் நாள்தோறும் அணைத்து ஏற்றினேன். அந்த ஒரு கிழமைக்குள், ஏழே நாளில், என் இடுப்புப் பட்டி ஒரு துளை முன்னேறியது.

வேலியடியில் கோபாலகிருஷ்ணன் கேட்டார்.

"எப்படி ஓடுது சார்?"

"அற்புதம்."

"வால்யூம் வரி போட்டீங்கல்ல?"

"அது தேவைப்படவில்லை. எல்லாம் உள்ளே ஒழுங்காக இருக்கிறது."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு புல் வெட்டும் இயந்திரத்தைப் பார்த்தார். பிறகு வீட்டுக்குள் போய்விட்டார்.

இரண்டொரு நாளில் மலர் ஒரு முறைப்பாட்டோடு வந்தார்.

"இஞ்சாருங்கோ, ஊர் கொஞ்சம் இழுக்குது. ஆடு ஒரு அடி வைக்கிறதுக்குள்ளை எனக்குக் கொட்டாவி வருது."

"பழைய கணினி. அப்பிடித்தான்."

"கோபால் தம்பி சொன்னவரெல்லே, பழசானால் பெட்டியை எறிஞ்சுபோட்டுப் புதுப்பெட்டி வைக்கலாம் எண்டு. ஒருக்காத் துப்புரவாக்கி விடுங்கோவன். உங்களுக்குத்தானே அதெல்லாம் ஏலும்."

உங்களுக்குத்தானே ஏலும். ஓய்வுபெற்ற ஆசிரியனிடம் இப்படிச் சொன்னால் அவன் கிணற்றிலும் இறங்குவான். படிக்குக் கீழே இறங்கினேன். பழைய கொள்கலனை நீக்கினேன். புதியதை வைத்தேன். வகுப்பறை மாறினாலும் பிள்ளைகள் அதே பிள்ளைகள்தானே என்பது என் எண்ணம். நிம்மதிக்காக உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்தேன்.

கோபுரம் இல்லை. ரயில் இல்லை. வாய்க்கால் இல்லை. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை காடு. நடுவே ஒரு பன்றி நின்று என்னைப் பார்த்தது. நானும் பன்றியைப் பார்த்தேன். எங்கள் இருவரில் யார் அதிகம் திகைத்திருந்தோம் என்று சொல்வது கடினம்.

வேலியடிக்கு ஓடினேன்.

"தம்பி, ஒரு பொது அறிவுக்காகக் கேக்கிறன். பெட்டியை எறிஞ்சால், உள்ளே இருந்தது?"

"போச்சு சார். அதுக்காகத்தான் வால்யூம்னு சொன்னேன். ஏன் சார்?"

"ஒன்றுமில்லை. பொது அறிவுதான்."

மலர் தன் கையால் கட்டி எழுப்பிய ஊர். வாடகை இடமும் இந்நேரம் நின்றிருக்கும். முழங்கால் வலியில் முனகிக்கொண்டே அவர் அந்தக் கோபுரத்தைக் கட்டியதை நான் பார்த்திருக்கிறேன். கடைசிக் கலசத்தை வைத்த அன்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். நான் பத்திரிகையிலிருந்து தலை நிமிராமல் "நல்லது" என்றேன். இப்போது பிட்டுக்கு ஆசைப்பட்டு அதை இடித்துவிட்டேன். இதை எந்த வாயால் சொல்வது?

"என்ன, முடிஞ்சுதோ?" என்றார் மலர்.

"இது கொஞ்சம் பெரிய பராமரிப்பு."

"என்ர ஆடுகள்?"

"பத்திரமாய் இருக்கு."

"எப்ப திறப்பியள்?"

"கெதியாய், ரெண்டொரு நாளிலை."

மலர் சால்வையைப் போர்த்துக்கொண்டார். "எனக்கு மனம் ஒரு மாதிரிக் கிடக்கு. அடுப்படிக்குப் போக ஏலாமல் கிடக்கு. நான் போய்ப் படுக்கிறன்."

"நீர் படுத்துக்கொள்ளும். சமையலை நான் பாக்கிறன்."

சொன்ன பிறகுதான் சொன்னதன் பொருள் எனக்கு விளங்கியது. குசினியில் மா எது, சீனி எது என்று எனக்குச் சுவைத்துப் பார்த்தால்தான் தெரியும். முதல் நாள் பிட்டு என்று நான் அவித்ததை நடைபாதைக்குப் போட்டிருக்கலாம். படுக்கையறைக் கதவு சாத்தியபடி இருக்க, உள்ளிருந்து பாடம் நடந்தது.

"சுடுதண்ணி விட்டனீங்களோ, பச்சைத்தண்ணியோ?"

"பச்சைத்தண்ணி."

"அதுதான். மாவைக் கையிலை பிடிச்சுப் பாருங்கோ. கட்டிபடுதோ?"

"கல்லாய்க் கிடக்கு."

"அதை விட்டுட்டு வேறை மாவை எடுங்கோ. கொத்தேக்கை நல்லாக் கொத்துங்கோ. பிறகு அவிக்கிற ஓலைப்பெட்டி இருக்கெல்லே, நீத்துப்பெட்டி, அதிலை போடுங்கோ. தேங்காய்ப்பூவைக் கஞ்சத்தனம் பாராமல் போடுங்கோ."

பகலில் படிக்குக் கீழே அமர்ந்து, மலர்புரத்தை நானே கட்டி எழுப்ப முயன்றேன். கோபுரம் கட்டினேன். அது தபால்பெட்டி போல் வந்தது. ஆடு தேடிக் காட்டுக்குள் போனேன். பச்சை நிறத்தில் கையில்லாமல் கால் மட்டும் உள்ள ஒரு பிராணி என்னிடம் ஓடிவந்து வெடித்தது. தபால்பெட்டியும் போயிற்று. மாலையில் மாக்குழைத்தேன். கோபாலகிருஷ்ணனின் ஊரில் சர்வர் என்றால் உணவகத்தில் பரிமாறுபவர். அந்தப் பொருளில் மட்டும் எங்கள் வீட்டுச் சேவையகம் தடையின்றி இயங்கியது.

என் கை மெல்ல மெல்லப் பழகிற்று. பிட்டு உதிர்ந்தது. சொதி திரையவில்லை. மலர் தட்டை வழித்துச் சாப்பிட்டார். அவர் ஒவ்வொரு வாய் வைக்கும்போதும் என் நெஞ்சில் ஒரு கட்டி ஏறியது. ஒருநாள் சாப்பிட்டு முடிந்ததும், "ஆடுகளுக்கு ஆர் இப்ப தண்ணி காட்டுறது?" என்று தனக்குள் சொல்வதுபோல் கேட்டார். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. அகப்பையைக் கீழே வைத்தேன்.

"மலர், ஒன்று சொல்ல வேணும். ஆடுகள் இல்லை. கோபுரமும் இல்லை. ஒன்றும் இல்லை. பெட்டியை எறிஞ்சபோது எல்லாம் போயிற்று. கோபாலகிருஷ்ணன் சொன்ன வரியை நான் எழுதவில்லை."

மலர் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"வேறை?"

"வேறை... அந்தப் பராமரிப்பு எல்லாம் பராமரிப்பு இல்லை. நான்தான் ஏழு மணிச் சாப்பாட்டுக்காக நிப்பாட்டினது."

"வேறை?"

"வேறை ஒன்றும் இல்லை. என்னை மன்னியும்."

மலர் படுக்கையறைக்குப் போய்த் தன் கைக்கணினியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். கோபுரம் நின்றது. கலசம் மின்னியது. ஆடுகள் முன்பைவிடக் கொழுத்திருந்தன. பியற்றிஸின் ரயில் இப்போது சந்தை வரை நீண்டிருந்தது.

"இது... எங்கை இருக்கு?"

"இருந்த இடத்திலைதான். வாடகையிலை."

"நிப்பாட்டேல்லையோ?"

"ஏன் நிப்பாட்ட? உங்கடை இடத்திலை பால்தானே காய்ச்சினது. குடி போகேல்லையே. தாரிணி வீடு வாங்கேக்கையும் தையிலை பாலைக் காய்ச்சி வைச்சிட்டு, சித்திரையிலைதானே போனவள்? ஒரு இடத்திலை இருந்து பாத்துப்போட்டுத்தானே ஆக்கள் போறது. நாங்கள் ரெண்டு நாள் இருந்து பாத்தம். பின்னேரமானால் வெளிச்சத்தை அணைச்சுப்போடுற வீடு எண்டு தெரிஞ்சுது. அண்டைக்கே திரும்பிட்டம்."

"அப்ப அந்த ஒரு கிழமை நீர் சமைச்சது?"

"பாவம், ஆசைப்பட்டியள். நீங்கள் மத்தியானம் நித்திரை கொள்ளேக்கை நான் விளையாடி முடிச்சிடுவன்."

"துப்புரவாக்கச் சொன்னது?"

"நீங்கள் அந்த வரியை எழுதேல்லை எண்டு கோபால் தம்பி கனகவல்லியிட்டைச் சொல்லியிருக்கிறார். அவள் எனக்குச் சொன்னாள். ஆளில்லாத வீடுதானே, துப்புரவாக்கினால் ஆருக்கு என்ன நட்டம்?"

"மனம் சரியில்லை எண்டு போய்ப் படுத்தது?"

"படுத்துக்கொண்டும் விளையாடலாம். முழங்காலுக்கும் நல்லது."

நான் தட்டுகளைப் பார்த்தேன். நீத்துப்பெட்டியைப் பார்த்தேன். தோற்றவனுக்கும் ஒரு நீதி உண்டு என்ற நம்பிக்கையில், குரலைச் சீர்செய்துகொண்டு கேட்டேன்.

"சரி. உண்மை வெளியாகிவிட்டது. நாளையிலிருந்து நீர்தானே சமைப்பீர்?"

"இஞ்சாருங்கோ, உங்களுக்கு ஏழு மணிக்குச் சுடச்சுடச் சாப்பாடு வேணும் எண்டுதானே இவ்வளவும் செய்தனீங்கள். மலர்புரம் வந்தாப்பிறகு, நீங்கள் நிப்பாட்டாமல் என்ர சாப்பாடு எண்டைக்காவது நேரத்துக்கு வந்ததோ? இப்ப பாருங்கோ, ஒருநாள் பிந்தினதோ? பிட்டும் என்ரையைவிட உதிருது. நான் குறுக்கை வந்து அதைக் கெடுக்கக்கூடாது."

குற்றம் காண முடியாத வாதம். என் மாணவன் யாராவது எழுதியிருந்தால் முழு மதிப்பெண் கொடுத்திருப்பேன்.

மலர் கைக்கணினியை எடுத்துக்கொண்டு சோபாவில் சாய்ந்தார். சற்றுக் கழித்து முன்னறையிலிருந்து குரல் வந்தது.

"ஒண்டு மட்டும். ஏழு மணி எங்களுக்குக் கொஞ்சம் வெள்ளன. பியற்றிஸின்ர ரயில் அப்பதான் வந்து சேருது. இனி எட்டரைக்கு வையுங்கோ."

மறுநாள் எட்டரைக்கு வைத்தேன்.